நிலவொளி ஆறு, ஆயில் பெயிண்டில்: படத்தில் எது சரியில்லை, எங்கே கை வைப்பது

நிலவொளியில் ஆற்றை வரைகிறவர்கள் பெரும்பாலும் நிலாவோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். வெள்ளை போதவில்லை என்று மேலும் வெள்ளை வைக்கிறார்கள், வட்டம் சரியில்லை என்று சுரண்டிவிட்டு மறுபடி போடுகிறார்கள். படம் கெடுவதோ பெரும்பாலும் நிலாவுக்கு வெளியே. இருட்டை எத்தனை படிகளாகப் பிரித்தோம், நீரில் வெளிச்சத்தை எங்கே நிறுத்தினோம், அடியில் போட்ட வண்ணம் எப்படிக் காய்ந்தது என்ற மூன்றையும் பார்த்தாலே பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையை எடுத்துக்கொள்வோம். காவிரி அங்கே கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஆற்றோட்டம் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் மலைக்கோட்டை. ஆடி, ஆவணிப் பௌர்ணமியில் நிலா நேர்கிழக்குக்குச் சற்றுத் தெற்கே எழும், அதாவது ஆற்றின் மேலேயே. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் அந்த மாதங்களில் ஆறும் ஆறாக இருக்கும். நிலவொளி ஆறு வரைய இதைவிட வாகான இடம் தேட வேண்டியதில்லை.

எந்தக் கோளாறாக இருந்தாலும் திருத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். படத்தை மொபைலில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வானம், அக்கரை மரங்கள், நீர், இக்கரை ஆகிய நான்கும் தனித்தனியாகத் தெரிகிறதா? இரண்டு ஒட்டிக்கொண்டால் அங்கேதான் முதல் வேலை. அதை விட்டுவிட்டு வண்ணத்தை மாற்றுவதில் பயனில்லை.

நிலா ஒட்டவைத்த ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். காரணம் ஒன்றல்ல, மூன்று.

முதலில் அளவு. வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் நிலா முழுவதும் அதன் பின்னால் மறைந்துவிடும். 60 செ.மீ. அகல கேன்வாஸில் ஏறக்குறைய 40 டிகிரிக் காட்சியை அடக்கினால், நிலாவின் உண்மையான அகலம் முக்கால் செ.மீ. மட்டுமே. மனசுக்கு அது பெரிதாகத் தெரியும் என்பதால் ஓவியர்கள் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். ஒன்றரை செ.மீ. வரை போகலாம். நாலணா அகலத்தைத் தாண்டி ரூபாய் நாணய அளவுக்குப் போனால் ஆறு குட்டையாகிவிடும், ஏனென்றால் பார்ப்பவர் நிலாவை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றின் தூரத்தையும் கணக்கிடுகிறார்.

இரண்டாவது, நிலாவைச் சுற்றியுள்ள வானம். நிலாவை வைத்துவிட்டு அதன் விளிம்பு வரை ஒரே அடர்நீலத்தை இழுத்தால் அது துளை போட்ட தகரம்தான். நிஜத்தில் காற்றிலுள்ள ஈரமும் தூசியும் நிலவொளியைச் சிதறடிக்கின்றன. நிலாவை ஒட்டிய வானம் வெளுத்திருக்கும், விலக விலக இருளும். காவிரிக் கரையில் ஆடி மாதத்து ஈரக்காற்றில் இந்த வெளிச்ச வளையம் இன்னும் பரந்திருக்கும்.

மூன்றாவது விளிம்பு. வட்டத்தின் முழுச் சுற்றையும் ஒரே கூர்மையோடு வெட்டாதீர்கள். ஒரு பக்கம் கூர்மையாக இருக்கட்டும். மேகமோ புகையோ தொடும் பக்கத்தைச் சுத்தமான உலர்ந்த பிரஷால் ஒருமுறை தடவிக் கரைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வரைந்து முடித்த படமென்றால் நிலாவைத் தொட வேண்டாம். வானம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயட்டும். பிறகு அல்ட்ராமரைன் நீலம் கொஞ்சம், பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு கொஞ்சம் எடுத்து, லின்சீட் ஆயிலும் (ஆளிவிதை எண்ணெய்) டர்பன்டைனும் கலந்த மீடியத்தில் கண்ணாடி மாதிரி அடிவண்ணம் தெரியும் அளவுக்கு நீர்க்கக் கலக்குங்கள். அதை வானத்தின் மூலைகளிலிருந்து உள்நோக்கி மெல்லிய படலமாகப் பூசுங்கள். நிலாவை நெருங்க நெருங்க பழைய வேட்டித்துணியை விரலில் சுற்றி, பூசியதை வட்டவட்டமாக ஒற்றி எடுங்கள். நிலாவுக்கு இரண்டு விரல் தூரத்தில் படலம் சுத்தமாக இல்லாமல் போய்விட வேண்டும். நிலாவில் ஒரு சொட்டு வெள்ளைகூட வைக்காமலே அது எரியத் தொடங்குவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஒரு படலம் போதவில்லையென்றால் அது காய்ந்தபின் இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள்.

சூரியனின் வெளிச்சம் முழுநிலவைப்போல ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு. அந்த நிலவுக்கும் நடு இருட்டுக்கும் உள்ள இடைவெளியும் மிகப் பெரியது. நம் பெட்டியிலுள்ள டைட்டானியம் ஒயிட்டுக்கும் ஐவரி பிளாக்குக்கும் நடுவில் இருப்பதோ சில பத்து மடங்கு. இந்தக் குறுகிய இடத்துக்குள் நிலாவை எரியவைக்க வேண்டுமென்றால் வெள்ளையைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டும். பேலட்டில், அதாவது வண்ணம் கலக்கும் பலகையில், இருண்டதிலிருந்து வெளிச்சமானது வரை ஐந்து குவியல் கலந்து வையுங்கள்: இக்கரை மரத்துக்கு முதல் குவியல், எல்லாவற்றிலும் இருண்டது. அக்கரைக்கும் வானத்தின் மூலைக்கும் இரண்டாவது. நிலாவை ஒட்டிய வானத்துக்கும் மணல் திட்டுக்கும் மூன்றாவது. நீரில் மின்னும் வெளிச்சத்துக்கு நான்காவது. ஐந்தாவது நிலாவுக்கும் நீரில் இரண்டு மூன்று புள்ளிகளுக்கும் மட்டும். ஐந்தாவது குவியல் வேறெங்காவது, உதாரணமாகக் கோபுரத்திலோ மேக விளிம்பிலோ போய் உட்கார்ந்திருந்தால் நிலா மங்குவதற்கு அதுவே காரணம். அங்கே தேய்த்து இறக்குங்கள்.

படம் முழுக்க நீலமாக இருக்கிறது, இரவாக இல்லை

அந்தக் காலத்து சினிமாவில் பகலில் படம்பிடித்து நீல ஃபில்டர் போட்டு இரவு என்று காட்டுவார்கள். நீலம் இரவுக்கு அடையாளமாக நம் மனதில் பதிந்ததில் அதற்கும் பங்குண்டு. உண்மையில் நிலவொளி நீலமே அல்ல. நிலாவின் தரை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும்போது அதைச் சற்றுச் செம்மைப் பக்கமாகவே மாற்றி அனுப்புகிறது. நீலமாகத் தோன்றுவது நம் கண்ணின் வேலை. மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் கூம்பு செல்கள் ஓய்ந்து, குச்சி செல்கள் பொறுப்பேற்கின்றன. குச்சி செல்கள் நீலப்பச்சைக்கு அதிகம் மசியும், சிவப்பைக் கிட்டத்தட்டக் காணவே காணாது. செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்னது இது.

வரைகிறவருக்கு இதில் இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. சிவப்பான எதுவும் நிலவொளியில் கறுத்துவிடும். ஓட்டுக்கூரையும் செவ்வரளிப் பூவும் பக்கத்திலுள்ள பச்சை இலையைவிட இருண்டு தெரிய வேண்டும். பகலில் பார்த்த நினைவில் ஓட்டைச் சிவப்பாகவே போட்டால் இரவு கலைந்துவிடும். அடுத்தது, நீலம் படத்தில் சாயலாக இருந்தால் போதும், அடித்தளம் சாம்பலும் பழுப்பும்தான். 17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமில் ஆர்ட் வான் டெர் நேயர் நிலவொளி ஆறுகளை வாழ்நாள் முழுக்க வரைந்தவர். அவர் படங்களில் பழுப்பும் சாம்பலும் நிறைந்திருக்கும், நீலம் கொஞ்சமாகத்தான் இருக்கும். இரவு என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நீலம் மிஞ்சிய படத்தைக் காப்பாற்ற, காய்ந்தபின் நிழல் பகுதிகளின் மேல் மட்டும் பர்ன்ட் சியன்னாவை மெல்லிய படலமாகப் பூசித் துடைத்தெடுங்கள். நீலத்தின் மேல் செம்பழுப்பு விழும்போது அது சாம்பலாக அடங்கும். வானத்தைத் தொடாதீர்கள், அங்கே கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தால் நல்லதே. கரையில் ஒரே ஒரு விளக்கு, ஒரு சன்னல், ஒரு படகின் அடுப்பு என்று எங்காவது ஒரு துளி சூட்டு வண்ணம் வைத்தால் மீதி எல்லாம் தானாகக் குளிர்ந்துவிடும். ஒன்று போதும். மலைக்கோட்டையின் எல்லா விளக்குகளையும் போட்டால் படம் நிலாவிடமிருந்து மின்வாரியத்தின் கைக்குப் போய்விடும்.

இருட்டு செத்துப்போய்த் தெரிகிறது

ட்யூபிலிருந்து ஐவரி பிளாக்கை அப்படியே பிதுக்கிப் பூசினால் இப்படித்தான் ஆகும். இருட்டு வேண்டுமென்றால் அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்த்துக் கலக்குங்கள். அம்பர் கூடினால் சூடான இருட்டு, அல்ட்ராமரைன் கூடினால் குளிர்ந்த இருட்டு. இக்கரைக்கு முதலாவது, அக்கரைக்கு இரண்டாவது. பிரஷ்யன் புளூவும் நல்ல ஆழம் தரும். ஆனால் அது எதையும் சாப்பிட்டுவிடும் வண்ணம், பிரஷ் நுனியளவு எடுத்தால் போதும்.

நீரில் நிலா விழும் பாதை சரியாக வரவில்லை

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது அதிகம்.

கண்ணாடி மாதிரி அசையாத நீரில் பாதையே இருக்காது. அடிவானத்துக்கு மேலே நிலா எவ்வளவு உயரமோ, கீழே அதே தூரத்தில் இன்னொரு நிலா தெரியும், அவ்வளவுதான். நீர் சிலிர்த்தால் ஒவ்வொரு சிற்றலையும் ஒரு சின்னச் சாய்கண்ணாடி. சரியான கோணத்தில் சாய்ந்த கண்ணாடிகள் மட்டும் நிலாவை நம் கண்ணுக்கு அனுப்பும். அவை எல்லாம் சேர்ந்ததுதான் நாம் காணும் பாதை.

அதனால் பாதை எப்போதும் நிலாவுக்கு நேர்கீழே தொடங்கிப் பார்ப்பவரை நோக்கி வரும். கேன்வாஸில் அது நெட்டுக்குத்தானது. ஆறு வளைந்து போனாலும் பாதை ஆற்றோடு வளையாது. நிலாவை வலது ஓரத்தில் வைத்துவிட்டு, பாதையைப் படத்தின் நடுவுக்குச் சாய்த்து இழுப்பது மிகப் பரவலான தவறு. ஒரு ஸ்கேலை நிலாவின் நடுவில் வைத்து நேராகக் கீழே இறக்கிப் பாருங்கள். பாதை ஸ்கேலை விட்டு விலகினால், விலகிய பகுதியை இருட்டால் மூடுங்கள்.

பாதை கீழே வரவரக் கார் ஹெட்லைட் மாதிரி விரிந்துகொண்டே போகிறதா? நிலா தாழ்ந்திருக்கும்போது அகலம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். காற்று பட்டு நீர் சிலிர்த்த இடத்தில் கொஞ்சம் பரவும், அமைதியான இடத்தில் ஒடுங்கும். அந்தக் கூடல் குறைச்சல்தான் பாதைக்கு உயிர்.

அடுத்தது ஏணி. ஒரே நீளம், ஒரே இடைவெளியில் வெள்ளைக் கோடுகளை அடுக்கினால் வருவது ஏணி மாதிரிதான் இருக்கும். தூரத்தில் அலைகள் நெருங்கித் தெரியும், மின்னல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே வெள்ளிக்கோடாகிவிடும். பக்கத்தில் வரவர அவை பிரியும். ஒவ்வொன்றும் பெரிதாகும், எண்ணிக்கை குறையும், நடுவில் கரிய நீர் அகலமாகத் தெரியும். காலடிக்கு மிக அருகில் நீர் வெளிச்சத்தைத் திருப்புவதே குறைவு. அங்கே நீருக்குள்ளிருக்கும் படிக்கட்டின் கறுப்பே தெரியும். அம்மா மண்டபத்தின் கடைசிப் படியில் நின்று நேர்கீழே பார்த்தால் இது புரியும்.

கை வேலையைச் சொல்கிறேன். நான்கு அல்லது ஆறாம் நம்பர் ஃப்ளாட் பிரஷை எடுங்கள். நான்காவது குவியலில் அதன் ஒரு விளிம்பை மட்டும் தொட்டு எடுங்கள், வயிறு காலியாக இருக்கட்டும். பிரஷைப் படுக்கையாகப் பிடித்து, கேன்வாஸில் வைத்து, ஓர் அங்குலம் பக்கவாட்டில் இழுத்து, இழுப்பின் முடிவில் தூக்கிவிடுங்கள். தொடங்கிய இடம் தடித்தும் முடிந்த இடம் சிதறியும் இருக்கும். அதைச் சீராக்க வேண்டாம். ஒருமுறை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று மாற்றி இழுத்தால் சிதறல்கள் இரு பக்கமும் பரவும். ஐந்து இழுப்புக்கு ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள். ஐந்தாவது குவியலை எல்லாம் முடிந்த பிறகு, அக்கரையை ஒட்டிய நீரில் இரண்டு இடத்திலும் நடுவில் ஓரிடத்திலும் வைத்தால் போதும்.

வெளிச்சம் மிஞ்சிவிட்டால், வண்ணம் ஈரமாக இருக்கும்போதே பேலட் நைஃபால் மழித்தெடுங்கள். காய்ந்துவிட்டால், பக்கத்து நீரின் இருட்டையே எடுத்து இரண்டு பக்கத்திலிருந்தும் பாதைக்குள் படுக்கைக் கோடுகளாக ஊடுருவ விடுங்கள். இருட்டால் வெட்டிச் செதுக்கிய பாதை, வெள்ளையால் கட்டிய பாதையைவிட எப்போதும் நன்றாக இருக்கும். முதல் தடவையே இப்படி வரைகிறவர்களும் உண்டு.

மரத்தின் நிழலுரு நீரில் விழும் இடத்தையும் பாருங்கள். கரிய பொருளின் பிரதிபலிப்பு அந்தப் பொருளைவிடச் சற்று வெளுத்திருக்கும், வெளிச்சமான பொருளின் பிரதிபலிப்பு சற்று மங்கியிருக்கும். இரண்டையும் அதே அடர்த்தியில் போட்டால் நீர் மறைந்து, தலைகீழ் மரம் மட்டும் நிற்கும்.

நிலா சரியான உயரத்தில் இருக்கிறது, ஆனாலும் காட்சி நம்பும்படி இல்லை

வெளிநாட்டு ஓவியங்களைப் பார்த்துப் பழகிய கண் செய்யும் தவறு இது. வடக்கு நாடுகளில் நிலா சாய்வாக ஏறும், கோடைக்காலப் பௌர்ணமியில் இரவு முழுக்க அடிவானத்தை ஒட்டியே போகும். திருச்சி 11 டிகிரி அட்சரேகைக்கு அருகில் இருக்கிறது. இங்கே நிலா ஏறக்குறைய நெட்டுக்குத்தாக, மணிக்குச் சுமார் 15 டிகிரி ஏறும். எழுந்த இரண்டு மணி நேரத்தில் அது உங்கள் கேன்வாஸின் மேல்விளிம்பைத் தாண்டியிருக்கும். நள்ளிரவில் தலைக்கு மேலேயோ அதற்குச் சற்றுத் தள்ளியோ நிற்கும்.

ஆகவே காவிரிப் படத்தில் நிலா தெரிகிறதென்றால் அது முன்னிரவு. முன்னிரவுக்கு உண்டான அடையாளங்கள் படத்தில் இருக்க வேண்டும்: மேற்கே ஒட்டியிருக்கும் அந்தி வெளிச்சத்தால் வானம் முழுக் கறுப்பாக இருக்காது, படித்துறையில் ஆள் நடமாட்டம் இருக்கும், கரைவீடுகளில் விளக்கு எரியும். அடிவானத்தை ஒட்டிய நிலா மஞ்சளோ ஆரஞ்சோ ஆகவும் இருக்கும். அப்போது நீரின் பாதையும் அதே வண்ணம்தான். நிலாவை ஆரஞ்சாகவும் பாதையை வெள்ளியாகவும் வரைந்த படங்கள் நிறைய. பார்ப்பவருக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, ஏதோ உறுத்தும். டைட்டானியம் ஒயிட்டில் யெல்லோ ஓக்கரும் துளி காட்மியம் ஆரஞ்சும் சேர்த்த கலவையையே இரண்டுக்கும் எடுங்கள், நீருக்கு ஒரு படி இறக்கி.

மொபைலில் எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தாலும் இதே கோளாறு வரும். நைட் மோட் இருட்டை எல்லாம் வெளிச்சமாக்கி, நிலாவைப் பொத்தென்று வீங்கவைத்து, அலைகளை வழித்துவிடும். போட்டோவைக் கோட்டுருவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சப் படிகளைக் கரையில் நின்று பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள்.

வெள்ளை வைத்ததும் அழுக்காகிவிடுகிறது

அடியிலுள்ள இருட்டு இன்னும் ஈரம். காய விடுங்கள். அன்றே முடித்தாக வேண்டுமென்றால் பேலட் நைஃபின் முனையில் வெள்ளையை எடுத்து, தேய்க்காமல் மேலே வைத்துவிட்டு விலகுங்கள். ஒரு தொடுதலுக்கு ஒருமுறை நைஃபைத் துடைக்க வேண்டும். பிரஷ் என்றாலும் இதே விதி.

காய்ந்ததும் இருட்டெல்லாம் வெளிறி, திட்டுத்திட்டாக மங்கிவிட்டது

இரவுப் படங்களுக்கே வரும் வியாதி. ஈரமாக இருந்தபோது ஆழமாகத் தெரிந்த மரக்கூட்டம், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சாம்பல் பூத்துக் கிடக்கும். பலர் கலவை தப்பு என்று நினைத்து மேலே இன்னும் கறுப்பைப் பூசுவார்கள். பெரும்பாலும் கலவை சரிதான். வண்ணத்திலிருந்த எண்ணெயை அடிப்பூச்சு உறிஞ்சிவிட்டது. மேலே எண்ணெய் இல்லாத பொடி மட்டும் நின்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. கடையில் வாங்கும் மலிவு கேன்வாஸ்களின் வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோ இப்படி உறிஞ்சும். டர்பன்டைனைத் தாராளமாக ஊற்றிக் கலந்தாலும் இதே கதிதான். அம்பர் வண்ணங்களுக்கு இந்தப் பழக்கம் மற்றவற்றைவிட அதிகம்.

உறுதிசெய்ய, மங்கிய இடத்தில் துளி டர்பன்டைனைத் துணியால் ஒற்றுங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய ஆழம் திரும்பி, காய்ந்ததும் மறுபடி மங்கினால் எண்ணெய் உறிஞ்சப்பட்டதுதான் காரணம்.

படம் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்திருக்க வேண்டும். லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து, பஞ்சு உதிராத துணியில் துளி எடுத்து மங்கிய இடத்தில் மட்டும் தேயுங்கள். சில நிமிடம் ஊற விடுங்கள். பிறகு வேறொரு உலர்ந்த துணியால் அத்தனையையும் துடைத்தெடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுப்பு தெரியக்கூடாது. மிச்சம் வைத்த எண்ணெய் நாளடைவில் மஞ்சளாகி, நிலவொளியை விளக்கெண்ணெய் வெளிச்சமாக்கிவிடும். வண்ணம் திரும்பியதும் மேலே வரையலாம். படம் முடிந்துவிட்டதென்றால் தற்காலிகக் காப்பான ரீடச் வார்னிஷ் மெல்லியதாக அடித்து வையுங்கள். கடைசி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள், தடித்த பூச்சென்றால் ஒரு வருடம்.

துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காற்றோடு வினைபுரிந்துதான் காய்கிறது, அப்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள்.

வெடிப்பு, சுருக்கம்

கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேல்பூச்சில் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்ற விதியை இரவுப் படத்தில் மீறுவது எளிது. ஐவரி பிளாக் எண்ணெயை நிறையக் குடித்த, மெதுவாகக் காயும் வண்ணம். அதை முதல் பூச்சாக வானம் முழுக்க அடித்துவிட்டு, மேலே சீக்கிரம் காயும் மெல்லிய பூச்சைப் போட்டால், மேலே உள்ளது இறுகியபின் அடியிலுள்ளது அசையும். மேல்பூச்சு பிளந்துவிடும். முதல் பூச்சுக்கு அம்பரே ஏற்றது. அதிலுள்ள மாங்கனீசு சீக்கிரம் காயவைக்கும். சிங்க் ஒயிட்டை நிலாவுக்குத் தடிமனாக வைப்பதும் வேண்டாம், காலப்போக்கில் அது நொறுங்கும் தன்மையுடையது. டைட்டானியம் போதும்.

தோல் மாதிரி சுருங்கியிருந்தால் எண்ணெய் அதிகம். சுரண்டிவிட்டு மெல்லியதாகப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. பிளந்த இடத்தில் வண்ணத்தைத் திணித்து மூடினால் அடுத்த வருடம் அதே கோட்டில் மறுபடி பிளக்கும்.

வண்ணத்தின் ஆயுள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யப் பேரரசின் ஓவியர் ஆர்கிப் குயின்ஜியின் ‘நீப்பர் ஆற்றில் நிலவொளி இரவு’ சாட்சி. 1880-இல் வரைந்தது, 105 க்கு 144 செ.மீ. இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்ன நிலா, பெரும்பகுதி இருட்டு, நடுவில் பச்சைச் சாயலோடு எரியும் ஒரு துண்டு ஆறு. அன்று பார்த்தவர்கள் கேன்வாஸுக்குப் பின்னால் விளக்கு இருக்கிறதா என்று தேடினார்களாம். ரஷ்ய அரச குடும்பத்தைச் சேர்ந்த கிராண்ட் டியூக் கான்ஸ்டான்டின் கான்ஸ்டான்டினோவிச் அதை வாங்கிக் கடற்பயணத்தில் கூடவே கொண்டுபோனார். காலப்போக்கில் படம் வெகுவாகக் கறுத்துவிட்டது. ஓவியர் பயன்படுத்திய நிலையில்லாத வண்ணங்களும் கடல்காற்றும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. கறுத்தபின்னும் அந்த ஆறு எரிகிறதென்றால், வெளிச்சப் படிகளை அவர் அவ்வளவு கச்சிதமாகப் பிரித்ததுதான் காரணம் என்று நம்புகிறேன்.

மழைக்காலத்தில் காயவே மாட்டேன் என்கிறது

எண்ணெய் வண்ணம் காய்வதற்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சன்னலை அடைத்த அறையில் வைத்தால் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். ஃபேன் காற்று வரும், பகல் வெளிச்சம் படும் அறைக்கு மாற்றுங்கள். உச்சிவெயில் வேண்டாம். ஆல்கிட் மீடியம் சேர்த்தால் வேகம் கூடும். தொடங்கினால் எல்லாப் பூச்சுக்கும் அதையே பயன்படுத்துங்கள். மீடியம் தீர்ந்துபோனது என்று தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட வேண்டாம், அது ஒருநாளும் காயாது. மண்ணெண்ணெயும் ஹார்டுவேர் கடைத் தின்னரும் படத்துக்கல்ல, மரவேலைக்கு.

காயும் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கும் வழக்கம் உண்டு. இருட்டில் காயும் லின்சீட் ஆயில் மஞ்சள் பூக்கும், முதலில் பழிவாங்கப்படுவது நிலா. ஏற்கெனவே மஞ்சளடித்திருந்தால் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் வையுங்கள், பெரும்பகுதி தெளிந்துவிடும். நிலாவுக்கும் மின்னல்களுக்கும் மட்டும் வால்நட் அல்லது சாஃப்ளவர் எண்ணெயில் அரைத்த வெள்ளையை வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. கேன்வாஸின் பின்பக்கம் வெண்பூசணம் தெரிந்தால் உலர்ந்த மென்பிரஷால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிட்டு, சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக் காற்றோட்டம் கொடுங்கள்.

வரையும்போது நன்றாக இருந்தது, மாட்டியபின் ஒன்றும் தெரியவில்லை

வரைந்த இடத்து வெளிச்சத்துக்கும் மாட்டிய இடத்து வெளிச்சத்துக்கும் பொருந்தவில்லை. பளீரென்ற டியூப்லைட்டுக்கு அடியில் வரைந்தால் உங்கள் இருட்டில் இருக்கும் நுணுக்கம் எல்லாம் தெரியும். அதையே மங்கலான கூடத்தில் மாட்டினால் கறுப்புப் பலகைதான். படத்தை முடிக்கும் முன் ஒரு மாலையில் அது தொங்கப்போகும் சுவரிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது குவியல்களைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். முதலாவதை அப்படியே விடுங்கள்.

குயின்ஜி தன் படத்தைத் தனியாக, சன்னல்களை மூடி இருட்டாக்கிய அறையில், படத்தின் மேல் மட்டும் விளக்கொளி விழும்படி வைத்துக் காட்டினார். நம் வீட்டில் அவ்வளவு செய்ய முடியாவிட்டாலும், மேலிருந்து சாய்வாக விழும் ஒரு சின்ன எல்இடி போதும். மஞ்சள் சாயலுள்ள விளக்கு வானத்தின் நீலத்தைத் தின்றுவிடும், ஆகவே நடுவெள்ளை, அதாவது 4000 கெல்வின் அளவில் வாங்குங்கள். எதிரே சன்னல் இருக்கும் சுவரைத் தவிருங்கள். இருண்ட படத்தின் மேல் வார்னிஷ் இருந்தால் அது சன்னலையே காட்டும். வேறு சுவர் இல்லையென்றால், மேல்பக்கக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி, ஃபிரேமின் மேல்விளிம்பு இரண்டு விரல் அகலம் முன்னால் சாயும்படி மாட்டுங்கள். பளபளப்பு தரைப்பக்கம் போய்விடும்.